இரண்டு கிலோ நானூறு கிராம்

வாங்கோ தம்பி, உள்ளுக்கு வாங்கோ. சப்பாத்தை உதில கழட்டி விடுங்கோ. ஓஸ்லோவில இருந்து நாலு மணித்தியாலம் ஓடி வந்திருக்கிறியள், முதல்ல இருங்கோ, துவக்கு எங்கயும் ஓடாது. பொலிஸ் அனுமதி கையில இருக்குத்தானே? இருக்கு. நல்லம். இப்ப மணி ஒண்டரை. மூண்டரைக்கு என்ர மனிசி வேலையால வந்திடுவா. அதுக்கு முதல் நீங்கள் இதைக் கொண்டு வெளிக்கிட்டிட வேணும். முதலே சொல்லிப்போட்டன், பேந்து குறை நினைக்கக் கூடாது.

சீச்சீ, அவவுக்குத் தெரியாமல் விக்கிறன் எண்டு நினையாதேங்கோ. அவவுக்காகத்தான் விக்கிறன். அவ வந்து பாக்கேக்க அந்த இரும்புப் பெட்டி வெறுமையாக் கிடக்கவேணும். அவ்வளவுதான்.

இந்தாங்கோ, பிடிச்சுப் பாருங்கோ. என்ன, கையில ஒண்டும் இல்லாத மாதிரிக் கிடக்கோ? ரண்டு கிலோ நானூறு கிராம். நான் நிறுத்தனான், குசினித் தராசில. விளம்பரத்தில ரண்டு முன்னூற்றித் தொண்ணூறு எண்டு போட்டிருந்தவங்கள். பத்துக் கிராம் பொய். நான் அதுக்குக் கடிதம் எழுதினனான், பதில் வரேல்ல. ஸ்கோப் அறுநூற்றி எண்பது. வார் தொண்ணூறு. நாலு ரவை போட்டா இன்னும் நூறு. எல்லாம் கூட்டி மூண்டே கால் கிலோ. உங்கட ஒரு பிள்ளை பிறக்கேக்க அவ்வளவு இருந்திருக்கும். கலியாணம் கட்டேல்லையோ? சரி, சரி, கட்டுவியள்.

ஏன் விக்கிறன் எண்டு கேப்பியள். கேக்காமல் வேண்டுறவன் விசரன். நான் ஒளிக்காமல் சொல்லுறன். துவக்கில ஒரு பிழையும் இல்லை. இருபத்திமூண்டு ரவை சுட்டிருக்கும், அவ்வளவுதான். வேட்டையில சுட்டது ஒரே ஒரு சூடு.

நான் இஞ்ச கொம்யூனில, ஊர்ச் சபையில, வேலை. மாரியில வீதியில பனி தள்ளுறது, கோடையில கிடங்கு நிரப்புறது. இருபத்தொரு வருசம். பத்துப் பேர் ஒரே மேசையில இருந்து சாப்பிடுறனாங்கள். நல்ல பெடியள், ஒரு குறையும் சொல்லமாட்டன். ஆனா தம்பி, ஓகஸ்ற் பிறந்திட்டா அந்த மேசையில எனக்கு இடமில்லை. கதிரை இருக்கு, இடமில்லை. காலமை தொடங்கி றெயின்டியர் மான் கதை. ஆர் எந்த மலையில ஏறினது, காத்து எந்தப் பக்கம், எத்தினை மீற்றரில விழுத்தினது. நான் வாயைப் பொத்திக்கொண்டு புட்டைச் சாப்பிடுவன். இருபத்தொரு வருசம் நான் ஒரு கதை சொல்லேல்ல அந்த மேசையில. எங்கட மேற்பார்வையாளர் ஸ்டைனார், தங்கமான மனிசன், அவர் ஒருநாள் கேட்டார்: "பேரின்பம், என்ர தமையனுக்கு முழங்கால் ஒப்பறேசன். எங்கட குழுவில ஒரு இடம் கிடக்கு. வாறியோ?" எண்டு. தம்பி, எனக்கு ஐம்பத்தி நாலு வயசு. கண்ணில தண்ணி வந்திட்டுது.

பேந்தென்ன, வேட்டைக்காரர் சோதினை எடுத்தன். முதல் தரத்திலயே பாஸ். வீட்டில வந்து நளாயினியிட்டச் சொன்னன். நளாயினி என்ர மனிசி. அவ உடுப்பு மடிச்சுக்கொண்டு நிண்டவ. நிமிந்து பாக்காமல் சொன்னா, "போறதெண்டாப் போங்கோ. துவக்கு மட்டும் வீட்டுக்குள்ள வேண்டாம்."

பாருங்கோ, வேட்டைக்குப் போகலாமாம், துவக்கு வேண்டாமாம். நான் என்ன, மானுக்குக் கல்லெறியிறதோ? அவ வன்னிப் பக்கம். ரண்டாயிரத்தி மூண்டில, சமாதானமெண்டு பாதை திறந்திருந்த நேரம், நான் போய்க் கட்டிக்கொண்டு வந்தனான். அங்க பாலர் பாடசாலையில படிப்பிச்சவ எண்டு பேசிவந்தவை சொன்னவை. சண்டைக்குள்ள வளந்த ஆக்களுக்குத் துவக்கெண்டா ஒரு பயம் இருக்கும்தானே. எனக்கு அது விளங்கினது. விளங்கினபடியாத்தான் நான் பாரமான துவக்கை விட்டிட்டு இப்பிடி மெல்லிசா, பாத்தாப் பயமில்லாததா ஒண்டு தேடினது. ஒரு விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கட்டும் எண்டு.

அந்த மாரி முழுக்க எனக்கு வேற வேலையில்லை. ஸ்டைனார் சொன்னார், "மூண்டரைக் கிலோவில ஒண்டு எடு. மலையில ஏறேக்கதான் பாரம், சுடேக்க பாரம்தான் உனக்கு உதவி" எண்டு. அவருக்கென்ன, ஆறடி ரண்டங்குலம். எனக்கு நாரிப் பிடிப்பு, குனிஞ்சா இடுப்பு நிமிராது. பதினாலு கிலோமீற்றர் கல்லுக்கால நடக்கவேணும், பேந்து இறைச்சியைச் சுமந்துகொண்டு இறங்கவேணும். நான் எல்லாத்தையும் நிறுத்தன் தம்பி. சப்பாத்து, சொக்ஸ், தண்ணிப் போத்தல், கத்தி. கத்திப் பிடியில ஓட்டை துளைச்சுப் பதினொரு கிராம் குறைச்சன். அவ இடியப்பத்துக்கு மா நிறுக்கிற தராசு அது. ஒருக்கா அவ மாவோட வந்து நிக்கிறா, தராசில என்ர சப்பாத்து. நிண்டு பாத்திட்டுக் கையால அளந்து போட்டா.

அவ அப்பிடித்தான். சண்டை பிடிக்கிற பொம்பிளையில்லை. பிடிச்சாலாவது எனக்கு விளங்கியிருக்கும்.

சரி, துவக்கு வந்திது. சட்டப்படி இரும்புப் பெட்டி வேணும், சுவரில ஆணி அடிச்சு இறுக்கவேணும். இஞ்சத்தைய வீடு எல்லாம் பலகை. கொங்கிறீற் சுவர் ஒரே ஒரு இடத்திலதான், கீழ, நாங்கள் சாமியறையா வைச்சிருந்த அறையில. நான் என்ன செய்ய? பிள்ளையாருக்குப் பக்கத்தில துளைச்சுப் பூட்டினன். தூசு விழாமல் படங்களைச் சீலையால மூடிப்போட்டுத்தான் துளைச்சனான், மரியாதை தெரியாத ஆளில்லை நான். அடுத்த நாள் வேலையால வந்து பாக்கிறன், பிள்ளையார், முருகன், விளக்கு, மணி, அவவின்ர அம்மாவின்ர படம், எல்லாம் மேல குசினியில. மைக்குறோவேவுக்குப் பக்கத்தில. நான் நினைச்சன், கீழ குளிர்தானே, மேலயெண்டாச் சூடாயிருக்கும், அதாக்கும் எண்டு. எனக்கும் வசதியாப் போச்சு, ரவை வைக்க இடம் வந்திது. "நல்ல வேலை செய்தனீர்" எண்டும் சொன்னனான்.

சிரிக்காதேங்கோ தம்பி. இப்ப எனக்குத் தெரியுது. அப்ப தெரியேல்ல.

இனித்தான் கவனமாக் கேளுங்கோ, நீங்கள் வேண்டுற ஆள். மெல்லிசுத் துவக்கின்ர குணம் இது. முதல் நாள் சுட்டுப் பழகிற இடத்துக்குக் கொண்டுபோனன். முதல் சூடு, ஸ்கோப் வந்து புருவத்தில அடிச்சுது. இந்தா, இந்தத் தழும்பு. பாரமில்லாத துவக்கு உதைக்கிற உதையை ஆர் தாங்கிறது? நீங்கள்தான் தாங்கவேணும். குழல் மெல்லிசு, மூண்டு சூட்டில கொதிச்சிடும், நாலாவது மேல போகும். மான் வேட்டைக்கு முதல் ஒவ்வொரு வருசமும் சூட்டுப் பரீட்சை இருக்கு, உங்களுக்குத் தெரியும்தானே. நூறு மீற்றரில மானின்ர படம், வட்டம் முப்பது சென்ரிமீற்றர், அஞ்சு சூடு, அஞ்சும் உள்ளுக்கு. முதல் தரம் எனக்கு மூண்டு. ரண்டாந் தரம் ரண்டு. பின்னால பதினெட்டு வயசுப் பெட்டையள் எல்லாம் பாஸ் பண்ணிக்கொண்டு போறாளவை, நான் புருவத்தில பிளாஸ்ரர் ஒட்டிக்கொண்டு நிக்கிறன். ஸ்டைனார் கிட்ட வந்தார். "என்ர பழைய துவக்கைத் தரட்டே?" எண்டு மட்டும் கேட்டார். நான் வேண்டாமெண்டிட்டன். மாரி முழுக்க நிறுத்துத் தெரிஞ்சது தம்பி. விட ஏலுமோ?

வேட்டை தொடங்க ஆறு நாள் கிடக்கு. அடுத்த நாள் கடைசிப் பரீட்சை. நான் அண்டைக்குப் பின்னேரம் மேல விறாந்தையில ரவையில்லாமல் குறி வைச்சுப் பழகிறன். யன்னலுக்கால தெரியிற மலையில ஒரு கல்லு, அதுக்குக் குறி. ஸ்கோப்புக்குள்ள அந்தக் கல்லு ஆடுற ஆட்டம்! என்ர நெஞ்சு அடிக்கிறதுக்கெல்லாம் அது துள்ளுது. வேர்த்து வழியுது. நான் வாய்க்குள்ள தூசணத்தால பேசிக்கொண்டு நிக்கிறன், நளாயினி வேலையால வந்திட்டா. முதியோர் இல்லத்து நீலச் சட்டையோட கதவடியில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டவ. எவ்வளவு நேரம் நிண்டாவோ தெரியாது.

வந்து, "இஞ்ச தாங்கோ" எண்டா.

நான் பறிச்சு வெளியில எறியப் போறா எண்டு நினைச்சன். குடுத்தன். அவ வேண்டின கையோட ரவை போற பூட்டைத் திறந்தா. உள்ளுக்குப் பாத்தா. பாத்தது காணாதெண்டு சின்னி விரலை விட்டுத் தடவிப் பாத்தா. பாக்கேக்க துவக்கின்ர வாய் என்ர பக்கம் ஒருக்காலும் திரும்பேல்ல. பேந்து நிலத்தில குப்புறப் படுத்தா தம்பி. நாப்பத்தெட்டு வயசு, முழங்கால் நோவெண்டு படியேறப் பஞ்சிப்படுற மனிசி. கதிரையில கிடந்த குசனை இழுத்து முன்னுக்கு வைச்சா, கன்னத்தை வைச்சா. அசையேல்ல. நான் அவவின்ர முதுகைப் பாத்துக்கொண்டு நிக்கிறன், மூச்சு விடுறாவோ எண்டு எனக்கே சந்தேகம். டிக்கெண்டு விசை விழுந்தது.

"சோங்கைத் தோளில இறுக்கேல்ல நீங்கள்" எண்டா. "மூச்சை அடக்கிறியள். அடக்கக் கூடாது. விட்டு முடிஞ்ச பிறகு ஒரு சொட்டு நேரம் கிடக்கு, அதுக்குள்ள இழுக்கவேணும். இழுக்கிறதும் இல்லை. அமத்திறது. இது பாரம் காணாது. முன்பக்கம் ஒண்டுமில்லை. பாரமிருந்தா அது உங்களை அமைதியா வைச்சிருக்கும். இப்ப நீங்கள்தான் இதை அமைதியா வைச்சிருக்கவேணும்."

சோங்கு எண்டா என்னவெண்டு எனக்குத் தெரியாது தம்பி. நான் பின்கட்டை எண்டுதான் சொல்லுறனான். அவ எழும்பிப் பூட்டைத் திறந்தபடி என்ர கையில தந்து, "வெறுமை" எண்டு சொல்லிப்போட்டுக் குசினிக்குள்ள போட்டா. வெங்காயம் வெட்டுற சத்தம் கேக்குது.

நான் பின்னால போய்க் கேட்டன். என்ன கேட்டன் எண்டு நினைக்கிறியள்? "யூரியூப் பாத்தனீரோ?" எண்டு கேட்டன்.

அவ வெட்டுறதை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாத்தா. பேந்து "ஓம்" எண்டா.

நான் அந்த ஓமை எடுத்துக்கொண்டன். சந்தோசமா எடுத்துக்கொண்டன். தம்பி, நான் மடையன் இல்லை. அவவின்ர இடக்கையில முழங்கைக்கு மேல ஒரு பெரிய காயத்தழும்பு கிடக்கு. கலியாணம் முடிஞ்ச கிழமை, "கிணத்துக்கட்டில விழுந்தது" எண்டா. கிணத்துக்கட்டில விழுந்தா ஒரு பக்கத்தால போய் மற்றப் பக்கத்தால வராது. எனக்கு அண்டைக்கே தெரியும். நான் கேக்கேல்ல. கேக்காமல் இருக்கிறது ஒரு மரியாதை எண்டு நினைச்சன். அவவுக்கு விருப்பமெண்டாச் சொல்லுவாதானே எண்டு. எங்கட ஆக்கள் எத்தினை குடும்பம் அப்பிடிச் சீவிக்குது. நானொருத்தன் மட்டுமே?

அடுத்த நாள் அஞ்சுக்கு அஞ்சு. மூச்சை விட்டு, அமத்தி. ஸ்டைனார் கட்டிப்பிடிச்சார். "ஆர் பழக்கினது?" எண்டார். "யூரியூப்" எண்டு சொன்னன்.

இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி விடட்டே? மணி என்ன... ரண்டே கால். நேரம் கிடக்கு.

மலைக்குப் போனம். நாலு பேர், நான் ஸ்டைனாரோட. முதல் நாள் மான் இல்லை, மழை. ரண்டாம் நாள் காலமை ஒன்பது மணிக்கு ஒரு சரிவில முப்பது, நாப்பது மான். தம்பி, நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டன். காத்து எங்கட முகத்துக்கு. எனக்குக் கிடைச்ச அனுமதி ஒரு பெண்மானுக்கு. கண்டுக்குட்டி இல்லாத ஒண்டு கரையில தனிய நிண்டு மேயுது. தூரம் அளந்து பாத்தம், முன்னூற்றிப் பத்து மீற்றர். ஸ்டைனார் காதுக்குள்ள, "தூரம். அந்தக் கல்லு மட்டும் ஊர்ந்து போவம், அங்க இருந்து நூற்றம்பதுதான்" எண்டார். கல்லு மட்டும் போறதெண்டா நனைஞ்ச பாசியில வயித்தால ஊரவேணும். எனக்கு நாரி பிடிச்சிருந்தது. அதோட என்ர துவக்கு தூரத்துச் சூட்டுக்கெண்டே செய்த துவக்கு, பெட்டியிலயே எழுதிக் கிடக்கு நானூறு மீற்றரெண்டு. நான் தலையை ஆட்டினன், ஏலும் எண்டு. அவர் என்ர தோளைப் பிடிச்சார். அதுக்கிடையில நான் அமத்திப்போட்டன்.

மூச்சை விடேல்ல நான். அடக்கிக்கொண்டுதான் இழுத்தன். சுட்ட உடனயே எனக்குத் தெரிஞ்சுது.

வயித்தில பட்டிட்டுது. மான் கூனிக்கொண்டு ரண்டடி போட்டு நிண்டது, பேந்து கூட்டத்தோட ஓடினது. திருப்பிச் சுட ஏலாது, கூட்டத்துக்குள்ள கலந்திட்டுது. ஸ்டைனார் என்னைத் திட்டேல்ல. தொப்பியைக் கழட்டி முகத்தைத் துடைச்சுப்போட்டு எழும்பினார். காயப்பட்ட மானை விட்டிட்டு வர ஏலாது, சட்டமும் அது, மனிசத்தனமும் அது. பின்னேரம் மூண்டு மணி வரைக்கும் நடந்தம் தம்பி. ஆறு மணித்தியாலம். ஒரு சொட்டு ரத்தம், பேந்து இருநூறு மீற்றருக்கு ஒண்டுமில்லை, பேந்து ஒரு கல்லில ஒரு சொட்டு. படுத்துக் கிடந்த இடம் காண்பம், பாசி அமந்து சூடாக் கிடக்கும், மான் எழும்பிப் போயிருக்கும். ஏழு இடத்தில அப்பிடி. ஏழு இடத்தில படுத்துப் படுத்து எழும்பியிருக்கு. என்ர நாரி நோவு போன இடம் தெரியேல்ல. கடைசியா ஒரு நீரோடைக் கரையில கண்டம். தலையை நிமித்தி எங்களைப் பாத்துக்கொண்டு கிடந்தது. பதினைஞ்சு மீற்றர். ஓட ஏலாது அதால. ஸ்டைனார் சொன்னார், "உன்ர மான். நீ முடி."

எனக்கு ஏலேல்ல. தூக்கினன், இறக்கினன். நாலு கிலோத் துவக்கெண்டாலும் இறக்கியிருப்பன். அது என்னைப் பாத்துக்கொண்டே இருக்குது. அவர்தான் முடிச்சது.

வீட்ட வந்து வாசல்படியில இருந்து சப்பாத்துக் கழட்டுறன். நளாயினி வந்து பக்கத்தில நிண்டா. "என்ன நடந்தது?" எண்டா. நான் ஒண்டும் ஒளிக்கேல்ல, எல்லாம் சொன்னன். அவ மெல்ல அதே படியில இருந்தா. இருபத்தொரு வருசத்தில நாங்கள் ரண்டு பேரும் ஒண்டா அந்தப் படியில இருந்ததில்லை.

"ஆர் முடிச்சது?"

"ஸ்டைனார்."

"நீங்கள் ஏன் செய்யேல்ல?"

"ஏலேல்ல நளா. தூக்கினன், இறக்கிப்போட்டன்."

அவ தலையாட்டினா. ரோட்டைப் பாத்துக்கொண்டுதான் சொன்னா. தான் நாலு வருசம் இயக்கத்தில இருந்தவவாம். ஒரு சண்டையில பின்வாங்கேக்க தானும் இன்னொரு பிள்ளையும் ஒரு வாய்க்காலுக்குள்ள அம்பிட்டுப்போச்சினமாம். அந்தப் பிள்ளைக்குப் பத்தொன்பது வயசாம். வயித்தில காயமாம். "காலமை ஏழு மணி. தூக்கிக்கொண்டு போக ஏலாது, என்ர கையிலயும் காயம். 'அக்கா, சுட்டிட்டுப் போங்கோ' எண்டவள். கெஞ்சினவள். துவக்கு என்ர மடியில கிடந்தது. நான் சுடேல்ல. விட்டிட்டு வரவும் இல்லை. பின்னேரம் அவளின்ர உயிர் தானாத்தான் போனது. ஒரு பகல் முழுக்கப் பக்கத்தில இருந்தனான். இப்பவும் எனக்குத் தெரியாதப்பா, நான் செய்தது சரியோ பிழையோ எண்டு."

இவ்வளவும் சொல்லிப்போட்டு என்னைத் திரும்பிப் பாத்தா.

நான் சொன்னன் தம்பி... நான் என்ன சொன்னன் எண்டா, "துவக்குப் பாரம் காணாதப்பா. அதுதான் எல்லாத்துக்கும் காரணம். நீர் அண்டைக்கே சொன்னனீர். வாற வருசம் மூண்டரைக் கிலோவில ஒண்டு எடுக்கிறன்" எண்டு சொன்னன்.

வேற என்ன சொல்லுறது? சொல்லுங்கோவன். நீங்கள் படிச்ச பிள்ளை, நீங்களெண்டா என்ன சொல்லியிருப்பியள்?

அவ எழும்பி, "சாப்பாடு மேசையில கிடக்கு" எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்குப் போட்டா.

அது செப்டெம்பர். இப்ப மார்ச். அண்டையில இருந்து என்ர மனிசி என்னோட கதைக்கிறேல்ல. கதைக்கிறா, கதைக்கிறா. குப்பை வண்டி வியாழக்கிழமை, மீன் எடுத்து வைச்சிருக்கு, கார்ச் சில்லு மாத்தவேணும், எல்லாம் கதைக்கிறா. முகத்தில கோவமும் இல்லை. ஆனா அந்தப் படியில இருந்த ஆள் இல்லை அது. போன மாசம் சொல்லுறா, பெர்கனில ஒரு முதியோர் இல்லத்தில வேலைக்கு எழுதிப் போட்டவவாம், கிடைச்சிட்டுதாம். எங்கட மகள் அங்க படிக்கிறாள், அவளுக்குப் பக்கத்தில இருக்கலாமாம். "அப்ப நான்?" எண்டு கேட்டன். "நீங்கள் உங்கட வேலையை விட்டிட்டு எப்பிடி வாறது?" எண்டா. வெள்ளிக்கிழமை பதில் சொல்லவேணும் அவ. இண்டைக்குப் புதன்.

ஒரு மாரி முழுக்க, அந்த மேசையில கதை சொல்லவேணுமெண்டு துவக்குத் தேடினனான். இப்ப கதை கிடக்கு, சொல்ல ஏலாது. ஸ்டைனாரும் சொல்லேல்ல, நல்ல மனிசன். அதை விடுங்கோ, மேசை எனக்கு இப்ப வேண்டாம். மனிசி போகாமல் இருந்தாக் காணும். அதுதான் யோசிச்சன், இந்தக் கோதாரியை வித்துத் துலைப்பம், பெட்டியையும் கழட்டுவம், சுவரில ஓட்டையை அடைச்சுப் பூசுவம். பிள்ளையார் திரும்பிக் கீழ வரட்டும். அவ அதைப் பாத்தா, இந்த மனிசனுக்கு விளங்கிட்டுது எண்டு நினைப்பாதானே. நினைக்கமாட்டாவோ?

என்ன கேட்டனீங்கள்? 'அக்காவோ விக்கச் சொன்னவ?'

இல்லை. அவ ஒண்டும் சொல்லேல்ல.

இல்லைத் தம்பி, துவக்கு வேண்டாமெண்டு அவ ஒரு சொல்லும் சொல்லேல்ல, அந்த முதல் நாளைக்குப் பிறகு. நானாத்தான்... நானா நினைச்சதுதான். அவவுக்குத் துவக்கில என்ன பயம்? அவ என்னைவிட வடிவாப் பிடிக்கிறா. பயமெண்டா எனக்கெல்லோ. ஆறு மாசமா நான் இந்தத் துவக்கைப் பற்றித்தான் யோசிச்சுக்கொண்டு திரியிறன். விக்கிறதோ வைக்கிறதோ, பாரம் கூடவோ குறையவோ. அவ படியில இருந்து சொன்னது துவக்கைப் பற்றியே?

கொஞ்சம் பொறுங்கோ. அது கார்ச் சத்தம். எங்கட கார்தான். இன்னும் மூண்டு மணியாகேல்லையே, ஏன் இண்டைக்கு முந்தி வாறா?

தம்பி, அதைக் கீழ வையுங்கோ. அப்பிடியே மேசையில வையுங்கோ, பூட்டுத் திறந்தபடி கிடக்கட்டும். நான் இண்டைக்கு இதை விக்கேல்ல. தெரியும், தெரியும், நாலு மணித்தியாலம் ஓடி வந்தனீங்கள், பெரிய பிழை, என்னை மன்னிக்கவேணும். பின்கதவால வேண்டாம், ஒளிச்சுப் போறதுக்கு நீங்கள் என்ன களவெடுத்தனீங்களோ? முன்னாலயே போங்கோ, அவவுக்கு வணக்கம் சொல்லிப்போட்டுப் போங்கோ. இண்டைக்கு நீங்கள் இஞ்ச நிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆரும் நிண்டா நான் திரும்பியும் கிராம் கணக்குக் கதைச்சுப்போடுவன். எனக்கு என்னைத் தெரியும்.

நான் அவவிட்ட ஒண்டு கேக்கவேணும். அண்டைக்கே கேட்டிருக்கவேணும். நான் கேப்பன் எண்டு அவ பாத்துக்கொண்டிருந்தவ, இப்பத்தான் எனக்கு அந்த முகம் தெரியுது. ஒரு பகல் முழுக்கப் பக்கத்தில இருந்த பிள்ளை. பத்தொன்பது வயசு. வயசைச் சொன்னா, காயத்தைச் சொன்னா. பேர் சொல்லேல்ல. நான் கேக்கேல்ல.

அந்தப் பிள்ளைக்கு என்ன பேர் எண்டு கேக்கப்போறன். கேட்டுப்போட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கப்போறன். போங்கோ தம்பி, அவ கதவடிக்கு வந்திட்டா.